ஆளில்லாத கூடத்தில் தெரமின்: சுருதி கலையாமல் வைப்பது எப்படி?

கருவிக்கூடம் எழுதியது:

வணக்கம். ஓர் அறிவியல் கூடத்தில் தெரமின் (தொடாமலே, கம்பிக்கு அருகே கையை அசைத்து வாசிக்கும் மின்னணு இசைக்கருவி) ஒன்றை வைத்திருக்கிறோம். வருகிறவர்கள் தாங்களாகவே கையை அசைத்து வாசித்துப் பார்க்க வேண்டும். பக்கத்திலேயே ஒருவரை நிறுத்தி வைக்க வழியில்லை. காலையில் சுருதி சேர்த்துவிட்டு நகர்ந்தால் மதியத்துக்குள் கெட்டுப் போகிறது.

கருவி அனலாக், டிரான்சிஸ்டர் வகை. சுருதிப் பக்கத்து ஆசிலேட்டர்கள் (மின்னலை உண்டாக்கும் சுற்றுகள்) இரண்டும் 285 கிலோஹெர்ட்ஸ் அருகில் ஓடுகின்றன. அந்த அதிர்வெண்ணைத் தீர்மானிக்கும் சுருள்-மின்தேக்கிச் சுற்றில், அதாவது டாங்கில், மின்தேக்கி 3300 பிகோஃபாரட். மரப்பெட்டி, 45 செ.மீ. செங்குத்துக் கம்பி, இடப்பக்கம் ஒலியளவு வளையம். மின்சாரம் இரண்டு பின் அடாப்டரில் இருந்து வருகிறது. காலை ஒன்பதரைக்கு மெயின் சுவிட்ச் போட்டதும் தெரமின், ஏசி, விளக்கு எல்லாம் ஒன்றாக எரியும். ஆறு மணிக்கு ஒன்றாக அணையும். போட்ட பத்தாவது நிமிடம் சுருதி சேர்க்கிறோம். கருவியைச் சுற்றி ஸ்டீல் தூண்களில் சிவப்புக் கயிறு. நேர் மேலே மின்விசிறி.

பதினொரு மணிவாக்கில் கோளாறு தொடங்குகிறது. கையைக் கம்பி அருகே கொண்டுபோனால் சுருதி ஏறுவதற்குப் பதில் இறங்குகிறது, ஓரிடத்தில் அடங்குகிறது, அதற்கப்புறம்தான் ஏறுகிறது. பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக வந்தால் எல்லாமே இடம் மாறிவிடுகிறது. ஆளே இல்லாதபோது தானாக உறுமுவதும் உண்டு. அந்தச் சத்தம் தாங்காமல் காவலர் பிளக்கைப் பிடுங்கி வைத்துவிடுகிறார். நாள் முழுக்கத் தானாகவே சுருதியில் நிற்க என்ன செய்யலாம்?

—

பழையரேடியோ எழுதியது:

கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது சார். நீங்கள் சுருதி சேர்க்கும் நேரமே தப்பு.

கணக்கைப் பாருங்கள். தெரமினில் ஒரு ஆசிலேட்டர் கம்பியோடு சேர்ந்து கைக்கேற்ப மாறும், மற்றது நிலையானது. காதில் விழுவது அந்த இரண்டு ரேடியோ அதிர்வெண்களின் வித்தியாசம் மட்டும்தான். 285 கிலோஹெர்ட்ஸில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நகர்ந்தால் 28.5 ஹெர்ட்ஸ். 440 ஹெர்ட்ஸில் ஒலிக்கும் சுரத்துக்கு அது முழுசாக அரைச்சுரத்தைவிடக் கொஞ்சம் கூடுதல். ஃபெரைட் சுருளின் இண்டக்டன்ஸ் (மின்தூண்டல் அளவு) ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 200 பங்கு மாறுவது சாதாரணம். அதிர்வெண்ணில் அது பாதியாகத் தெரியும், அதாவது அதே பத்தாயிரத்தில் ஒரு பங்கு. ஆக, ஈடுகட்டப்படாத ஒரு சுருளுக்கு ஒரு டிகிரி வெப்ப மாற்றம் என்றால் அரைச்சுரம் போச்சு.

“இரண்டு ஆசிலேட்டரும் ஒரே பெட்டியில்தானே சூடாகின்றன, கழித்துக்கொள்ளாதா?” என்று கேட்பீர்கள். ஆசிலேட்டர் சுருள்கள் ஒரே ரகம் என்றால் பெரும்பாலும் கழித்துக்கொள்ளும். ஆனால் கம்பிக்கு முன்னால் தொடரில் பெரிய சோக்குகள், அதாவது சுருள்கள், இருக்கின்றன அல்லவா, அவற்றுக்கு மறுபக்கத்தில் ஜோடி கிடையாது. வெப்பத்தால் வரும் நகர்வில் பெரும்பங்கு அங்கிருந்துதான்.

இப்போது உங்கள் கூடத்துக்கு வருவோம். ஒன்பது நாற்பதுக்கு அறை 30 டிகிரி என்று வையுங்கள். அப்போது பூஜ்யத்துக்கு, அதாவது இரண்டு ஆசிலேட்டரும் ஒரே அதிர்வெண்ணில் நின்று ஒலி அடங்கும்படி, சேர்க்கிறீர்கள். ஏசி பதினொரு மணிக்குள் 24-க்கு இறக்குகிறது. சோக்கு குளிர்ந்தால் இண்டக்டன்ஸ் குறையும், கம்பிப் பக்கத்து அதிர்வெண் ஏறும். ஆறு டிகிரிக்கு 170 ஹெர்ட்ஸ். நிலையான ஆசிலேட்டரைத் தாண்டி மேலே போய்விட்டது. கையைக் கொண்டுபோனால் கம்பிப் பக்கத்து அதிர்வெண் இறங்கும். முதலில் அந்த 170-ஐக் கரைத்துப் பூஜ்யத்துக்கு வர வேண்டும், பிறகுதான் மறுபக்கம் ஏற முடியும். நீங்கள் சொன்ன “இறங்கி, அடங்கி, ஏறும்” கோளாறு அதுவேதான். அந்த நேரத்தில் ஆளில்லாமல் கேட்கும் உறுமல் நாலு கட்டைக்குச் சற்றுக் கீழே இருக்கிறதா என்று ஒரு சுருதிப்பெட்டியை வைத்துப் பாருங்கள்.

செலவில்லாமல் செய்யக்கூடியவை முதலில். தெரமினை மெயின் சுவிட்சிலிருந்து பிரித்துத் தனி இணைப்பில் இரவும் பகலும் போட்டே வையுங்கள். இழுப்பது சில வாட்தான். பெட்டிக்குள் வெப்பம் நிலைப்பட்டே இருக்கும். சுருதி சேர்ப்பது ஏசி போட்டு ஒன்றரை மணி நேரம் கழித்து. பெருக்கியும் ஒலிபெருக்கியும் அதே பெட்டிக்குள் இருந்தால் வெளியே எடுங்கள். அது ஒரு அடுப்பு. கருவியின் மேல் விழும் ஸ்பாட் விளக்கைத் திருப்பிவிடுங்கள். எல்இடி விளக்கின் டிரைவர்கள் சில சமயம் ரேடியோ இரைச்சலையும் கக்கும். விளக்கை அணைத்தால் சீழ்க்கை நிற்கிறது என்றால் குற்றவாளி அதுதான்.

அடுத்தது எர்த். இதை யாரும் கண்டுகொள்வதில்லை. கை ஒரு தட்டு, கம்பி ஒரு தட்டு என்று மின்தேக்கியைப் படம் போட்டுக் காட்டுகிறோம். சுற்று முழுமையாக வேண்டுமானால் கருவியின் பொதுத்தரை (சுற்றின் பூஜ்ய வோல்ட் இணைப்பு) பூமியோடு உறுதியாகப் பிணைந்திருக்க வேண்டும். இரண்டு பின் அடாப்டரில் அது மிதக்கிறது. அடாப்டர் வயரைக் காலால் நகர்த்தினாலே சுருதி அசைகிறதா பாருங்கள். அசைந்தால் சந்தேகமே வேண்டாம். பொதுத்தரையிலிருந்து பச்சை வயர் ஒன்றை மூன்று பின் சாக்கெட்டின் எர்த்துக்குக் கொண்டுபோங்கள். முதலில் அந்த சாக்கெட்டில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதித்துக்கொள்ளுங்கள். பல இடங்களில் அந்தத் துளை அலங்காரத்துக்குத்தான். முடிந்தால் அடாப்டரையே தூக்கிப் போட்டுவிட்டு 15-0-15 டிரான்ஸ்ஃபார்மர், 7812, 7912 வோல்டேஜ் ரெகுலேட்டர்கள் என்று பழைய பாணி பவர் சப்ளை கட்டிவிடுங்கள். எர்த் கொடுத்த பிறகு பெருக்கியில் 50 ஹெர்ட்ஸ் முனகல் வந்தால், நடுவில் ஆடியோ ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று போட்டால் போகும். அதற்காக எர்த்தைப் பிடுங்கிவிடாதீர்கள்.

நிலையாக நிற்கும் இரும்பால் தொந்தரவு இல்லை. சுவருக்குள் கம்பி, பக்கத்தில் பீரோ எதுவானாலும் சுருதி சேர்க்கும்போதே கணக்கில் வந்துவிடும். நகரும் இரும்புதான் எதிரி. உங்கள் ஸ்டீல் தூண்களை எடுத்துவிட்டுத் தரையில் திருகிய மரத்தூண் போடுங்கள். கூட்டம் சாய்ந்து ஒரு தூண் ஒரு சாண் நகர்ந்தால்கூட அன்றைய சுருதி போயிற்று. மின்விசிறியையும் நிறுத்துங்கள். மூன்று இறக்கை, நிமிடத்துக்கு 300 சுற்று என்றால் வினாடிக்கு 15 முறை ஒரு உலோகத் தகடு கம்பியைக் கடந்து போகிறது. கூரை தாழ்வாக இருந்தால் அது சுருதியில் ஒரு நடுக்கமாகவே கேட்கும்.

—

ஈயப்பற்று எழுதியது:

அண்ணன் சொன்னதெல்லாம் முதல்ல செஞ்சிடுங்க. அதைச் செய்யாம எலக்ட்ரானிக்ஸ் வச்சுச் சரிக்கட்டப் பார்த்தா ஓட்டை வாளியில தண்ணி புடிக்கிற கதைதான். ஆனா அது மட்டும் போதாது. மழை பேஞ்சா மரப்பெட்டி ஈரம் குடிக்கும், ஏசி ஒரு நாள் ஓடாது, யாராவது பக்கத்துல புது ஸ்டால் போடுவாங்க. ஆள் இல்லாத எடத்துல கருவி தன்னைத்தானே பூஜ்யத்துக்குக் கொண்டு வந்துக்கணும். அதுக்கு வேண்டியது மூணு: அதிர்வெண்ணை எண்ண ஒரு மைக்ரோகண்ட்ரோலர், நிலையான ஆசிலேட்டரை நகர்த்த ஒரு வேரக்டர் (கொடுக்கிற வோல்டேஜுக்கு ஏத்த மாதிரி மின்தேக்கம் மாறுற டையோடு), “இப்ப யாரும் இல்ல” ன்னு நம்பகமாத் தெரிஞ்சுக்க ஒரு வழி. மூணாவதுதான் கஷ்டம்.

எண்ணுறது: நிறைய பேர் ஆடியோ வெளியீட்டை எண்ணப் பார்ப்பாங்க. அது தப்பு. வித்தியாசம் 100 ஹெர்ட்ஸ்னு மட்டும் தெரியும். மேல்பக்கமா கீழ்ப்பக்கமான்னு தெரியாது. தப்பான பக்கம் திருத்தினா கருவி தானே ஓடிப் போயிடும். ரெண்டு ஆசிலேட்டரையும் தனித்தனியா எண்ணுங்க. ஒவ்வொண்ணுலேருந்தும் 2.2 பிகோஃபாரட் வழியா டாங்கைப் பாதிக்காம அலையை எடுத்துக் கொடுக்க ஒரு ஜேஃபெட் ஃபாலோயர், அப்புறம் அலையைச் சதுர பல்ஸா மாத்த 74எச்சி14 ஐசி. நேரா லாஜிக் ஐசி-யை டாங்குல மாட்டினா அதுவே சுருதியைக் கெடுக்கும். மைக்ரோகண்ட்ரோலருக்கு ஆர்டுயினோ ஊனோ போர்டு போதும். அதுல வெளி பல்ஸை எண்ணுற 16 பிட் கவுண்டர் ஒண்ணே ஒண்ணுதான், 5-ம் பின்ல இருக்கு. அதனால 74எச்சி157ங்கிற தேர்வு ஐசி வச்சு ஒரு வினாடி இது, ஒரு வினாடி அதுன்னு மாத்தி மாத்தி எண்ணணும். ஒரு வினாடியில 2,85,000 பல்ஸ் வரும், கவுண்டர் 65,536-ல நிரம்பிடும், நாலு தடவை வழியும். அந்த வழியலையும் இண்டரப்ட்ல எண்ணிக் கூட்ட மறக்காதீங்க. ஊனோவோட கடிகாரம் செராமிக் ரெசனேட்டர், துல்லியம் சுமார்தான். கவலை வேண்டாம், ரெண்டையும் அதே கடிகாரம்தான் அளக்குது, வித்தியாசத்துல பிழை கண்டுகொள்ற அளவுக்கு வராது.

நகர்த்துறது: எம்சிபி4725, 12 பிட் டிஏசி (எண்ணை வோல்டேஜா மாத்துற ஐசி). வெளியீட்டுல 100 கிலோஓம், 10 மைக்ரோஃபாரட் ஃபில்டர். கால மாறிலி ஒரு வினாடி. டிஏசி இரைச்சல் சுருதிக்குள்ள போகாது, திருத்தமும் வழுக்கிட்டுப் போகும், வெட்டாது. அங்கிருந்து இன்னொரு 100 கிலோஓம் வழியா வேரக்டருக்கு. உங்க டாங்க் 3300 பிகோஃபாரட்னா 33 பிகோஃபாரட் மாத்தினா 1400 ஹெர்ட்ஸ் நகரும். பாதி கிடைச்சாலே ஒரு நாளைக்குத் தாராளம். பழைய ரேடியோவுல இருந்து எடுத்த மீடியம் வேவ் வேரக்டர் இருந்தா நல்லது. இல்லன்னா ரிவர்ஸ்ல வச்ச 1என்4007 கூட வேலை செய்யும். 4 வோல்ட்ல ஏறத்தாழ 15 பிகோஃபாரட், நாலஞ்சை பேரலல்ல போட்டுக்கலாம்.

இங்கதான் எல்லாரும் மாட்டிக்குவாங்க: டாங்குல ஆடுற ரேடியோ வோல்டேஜ், டையோடுக்குக் கொடுக்கிற பயாஸை (நிலையான வோல்டேஜை) விட அதிகமா இருந்தா, ஒவ்வொரு அரை அலையிலயும் டையோடு கடத்தும். ஒலி கரகரன்னு ஆயிடும், ஆசிலேட்டர் தள்ளாடும். ஸ்கோப் வச்சு டாங்க் வோல்டேஜ் எவ்வளவுன்னு பார்த்துட்டு, டையோடுகளை முதுகோடு முதுகா ஜோடியாப் போடுங்க. அளவு பாதியாகும், பரவாயில்ல. இல்லன்னா சின்ன சிஓஜி மின்தேக்கி (வெப்பத்துக்கு மாறாத செராமிக் ரகம்) வழியாக் கொஞ்சமா இணைங்க. அதுவும் சிஓஜி-தான். கையில கிடைச்ச சாதா செராமிக்கைப் போட்டா நீங்களே ஒரு தெர்மாமீட்டர் கட்டினதா ஆயிடும்.

“யாரும் இல்ல” ன்னு கண்டுபிடிக்கிறது: பிஐஆர் சென்சாரை (உடல் வெப்பத்தோட அசைவைக் கண்டுபிடிக்கிறது) மட்டும் நம்பாதீங்க. அசையாம நின்னா அதுக்கு ஆள் தெரியாது. தெரமின் வாசிக்கிறவன் மூச்சைப் புடிச்சுட்டுத்தான் நிப்பான். அந்த நேரம் பார்த்துக் கருவி அவன் கையையும் சேர்த்துப் பூஜ்யம்னு எடுத்துக்கும். நிக்கிற எடத்துல ஒரு பிரஷர் மேட் போடுங்க, திருட்டு அலாரத்துக்கு விப்பாங்களே அது. சின்னப் பிள்ளை எடைக்கும் விழுதான்னு சோதிங்க. உள்ள உலோகத் தகடு இருக்கும், அதுல ஒரு முனையை எர்த்தோட சேர்த்துடுங்க, மிதக்க விடாதீங்க. காலடியில எர்த் ஆன தகடு இருந்தா, செருப்புப் போட்டவன் போடாதவன் வித்தியாசமும் குறையும்.

இப்ப புரோகிராம். இதுக்கு ஒரு நல்ல குணம் கைகொடுக்குது. மனுஷன் கிட்ட வந்தா மின்தேக்கம் கூடத்தான் செய்யும், குறையவே குறையாது. அதனால கம்பிப் பக்கம் கடந்த பத்து நிமிஷத்துல பார்த்த அதிகபட்ச அதிர்வெண்தான் “காலி அறை”. அந்த அதிகபட்சம் நிலையான ஆசிலேட்டரைத் தாண்டிடுச்சுன்னா அது கருவியோட நகர்வு, ஆளால வந்தது இல்ல. ஆள் நின்னாலும் சரி, உடனே திருத்தலாம், வினாடிக்கு 5 ஹெர்ட்ஸ் வேகத்துல. கீழ இறங்கியிருந்தா அவசரப்படக் கூடாது. மேட் காலியாகி 20 வினாடி ஆன பிறகு, அதுவும் வினாடிக்கு 1 ஹெர்ட்ஸ். ஆசிலேட்டருங்க காலப்போக்குல எவ்வளவு நகரும்னு ஒரு எல்லை வச்சுக்குங்க, 600 ஹெர்ட்ஸ்னு வைங்க. அதைத் தாண்டினா திருத்தாம ஒரு சிவப்பு விளக்கு எரியட்டும்: கம்பி கழண்டிருக்கும், இல்ல எவனோ டிராலியைக் கொண்டாந்து நிறுத்தியிருப்பான்.

—

கருவிக்கூடம் எழுதியது:

மிக்க நன்றி. இருவருக்கும். அடாப்டர் வயரை நகர்த்தினால் சுருதி அசைகிறது, சோதித்தாயிற்று. சாக்கெட்டில் எர்த்தும் இல்லை!

மூன்று சந்தேகம். மேட்டின்மேல் யாராவது பையை வைத்துவிட்டுப் போனால்? குழந்தைகள் கம்பியையே பிடித்து இழுக்கிறார்களே, அதற்கு? இதையெல்லாம் விட்டுவிட்டு, சுரத்தில் தானே போய் நிற்கும் டிஜிட்டல் தெரமின் ஒன்றை வாங்கி வைத்துவிட்டால் என்ன?

—

தந்தியில்லாவீணை எழுதியது:

கடைசிக் கேள்விக்கு முதலில் வருகிறேன். 2014-ல் வந்த மூக் தெரமினி போன்ற கருவிகளில் சுருதியை அருகிலுள்ள சுரத்துக்கு இழுத்துப் பிடிக்கும் வசதி உண்டு, எவ்வளவு இழுக்க வேண்டும் என்று ஒரு குமிழில் கூட்டிக் குறைக்கலாம். முழுக்கத் திருப்பினால் படிக்கட்டில் ஏறுகிற மாதிரி சுரம் சுரமாகத் தாவும். நகர்வு காதுக்குத் தெரியாமல் போகும் என்பது உண்மைதான். ஆனால் தெரமினில் இருப்பதே அந்த வழுக்கல்தான். ஆர்மோனியத்தில் வராத கமகம் இங்கே வெறும் காற்றில் வருகிறது. அதை எடுத்துவிட்டால் பார்வையாளருக்குக் காட்டுவதற்கு என்ன மிச்சம்? அந்தக் குமிழைக் கால்பங்குக்கு மேல் திருப்ப வேண்டாம் என்பேன். அப்புறம், டிஜிட்டல் என்றாலும் முன்னால் இருப்பது அதே கம்பி, அதே காற்று. காலி அறையைக் கருவிக்குக் கற்றுக்கொடுக்கும் அளவுதிருத்தம் அதற்கும் தேவை. பொத்தானை அழுத்திய காவலர் கம்பிக்குப் பக்கத்திலேயே நின்றால் அவரையும் அறையின் பகுதியாக எடுத்துக்கொள்ளும். ஆர்டுயினோவில் ஓடும் ஓப்பன்தெரமின் வகை இந்த விஷயத்தில் வசதி. நிரல் திறந்தே இருப்பதால், பொத்தானுக்குப் பதில் ஈயப்பற்று சொன்ன “அறை காலி” நிபந்தனையையே அளவுதிருத்தத்துக்குத் தூண்டுகோலாக வைக்கலாம்.

இன்னொன்று. மேடையில் வாசிக்கிறவர்களே உட்கார்ந்து எழுந்தால் சுருதிக் குமிழைத் தொட்டுத் திருத்துவார்கள். 1929-ல் ஆர்சிஏ நிறுவனம் விற்ற ஏறத்தாழ 500 தெரமின்களிலும் அதற்கென்று குமிழ் இருந்தது. வாசிக்கிறவரின் உடம்பு, உயரம், நிற்கிற இடம் எல்லாம் கருவியின் பகுதி. ஆகவே பொது இடத்தில் “சுருதி சுத்தம்” என்று சட்ஜம் இந்த இடத்தில், பஞ்சமம் அந்த இடத்தில் என்று துரத்தாதீர்கள். கை கிட்டே போனால் ஏற வேண்டும், விலகினால் இறங்கி அடங்க வேண்டும், ஆள் போனால் மௌனம். இந்த மூன்றும் நாள் முழுக்க நின்றால் போதும்.

அதற்கு ஆசிலேட்டரைவிட அமைப்பு முக்கியம். முதலில் ஒலியளவு வளையம். தெரமினில் இடக்கை வளையத்தை நெருங்கினால் ஒலி குறையும், விலகினால் கூடும். யாரும் தொடாமல் விட்டால் முழு ஒலியில் நிற்கும். உங்கள் காவலர் பிளக்கைப் பிடுங்குவது அதனால்தான். முதல்முறை பார்க்கிறவருக்கு இரண்டு கையும் ஒரே நேரத்தில் வசப்படாது. வளையத்தைக் கழற்றி வைத்துவிட்டு, மேட்டில் ஏறினால் ஒலி, இறங்கினால் மௌனம் என்று வையுங்கள். ஏறும்போது அரை வினாடியிலும் இறங்கும்போது இரண்டு வினாடியிலும் மெல்ல வரட்டும், போகட்டும். வளையம் வேண்டும் என்றே நினைத்தால் தலைகீழாக, கை கிட்டே வந்தால்தான் ஒலி என்று சுற்றை மாற்றுங்கள்.

ஒலி மேட்டோடு அடங்குகிறது என்றால் பூஜ்யத்தை அறைக்காலியில் மிகச் சரியாக வைக்க வேண்டியதில்லை. 30 முதல் 50 ஹெர்ட்ஸ் வரை சரியான பக்கத்தில் (கம்பிப் பக்கம் கீழே இருக்கும்படி) மிச்சம் வைத்துச் சேர்த்துவிடுங்கள்; சிறிய ஒலிபெருக்கியில் அது கேட்கவும் கேட்காது. கொஞ்சம் நகர்ந்தாலும் தலைகீழ்க் கோளாறு வராது. அதோடு, பூஜ்யத்துக்கு மிக அருகில் ஆசிலேட்டர்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஒரே அதிர்வெண்ணில் பூட்டிக்கொள்ளும், பிறகு திடீரென்று “டுப்” என்று விடுபடும். அந்த இடத்தையும் தவிர்க்கலாம்.

கூட்டத்துக்கு: கம்பியின் வீச்சைக் குறையுங்கள். கை முழுதாக வந்து போனாலும் கம்பியின் மின்தேக்கம் மாறுவது ஒரு பிகோஃபாரட்டுக்கும் குறைவு. பத்துப் பேர் சுற்றி நின்றால் அது சுருதியைத் தொடத்தான் செய்யும். 60 செ.மீ. வீச்சுக்குச் சேர்க்காமல் 35, 40 செ.மீ.-க்குள் எல்லாச் சுரமும் வருகிற மாதிரி வைத்தால், இரண்டு மீட்டரில் நிற்கிறவர்களின் பாதிப்பு வெகுவாகக் குறையும். கயிறும் குறைந்தது ஒன்றரை மீட்டர் தள்ளி. கருவிக்குப் பின்னால் அரை மீட்டர் விட்டு எர்த் ஆன கம்பிவலை ஒன்றைச் சட்டத்தில் அடித்து நிறுத்தினால் பின்பக்கத்தவர்கள் கணக்கிலேயே வரமாட்டார்கள். வலை அசையக் கூடாது, தொங்கவிட வேண்டாம். மேட்டின் மேல் இரண்டு பாதச் சுவடு வரைந்துவிடுங்கள். எந்த எழுத்துப் பலகையையும்விட அது வேலை செய்யும்.

கம்பியை இழுப்பதற்கு ஒரே மருந்து உறை. 25 மி.மீ. அக்ரிலிக் குழாய், உள்ளே நடுவில் கம்பி, மேலும் கீழும் டெஃப்லான் வளையம் போட்டு நடுவில் நிறுத்துங்கள், மேல்முனையை மூடி ஒட்டிவிடுங்கள். குழாயின் அடி பெட்டியில் அல்ல, மேசையில் திருகப்பட வேண்டும்; இழுக்கிற விசை பெட்டிக்கே போகக் கூடாது. வெறுங்கம்பியைத் தொட்டால் சுருதி வீறிட்டு உச்சிக்குப் போகும், கம்பி சிறிது நேரம் ஆடி ஆடி ஒலியையும் ஆட்டும். உறைக்குள் இரண்டும் இல்லை. உறை போட்டபின் மின்தேக்கம் சற்றுக் கூடியிருக்கும், ஒருமுறை உள்சுருளில் திருத்திக்கொள்ளுங்கள். கம்பியின் அடிநட்டுக்கு நட்சத்திர வாஷர் போடாவிட்டால் ஒரு மாதத்தில் தளரும். சுருதிக் குமிழைக் கழற்றிவிட்டு அச்சை மட்டும் பெட்டிக்குள் விடுங்கள், திருப்புளிக்கு எட்டினால் போதும்.

—

ஈயப்பற்று எழுதியது:

பை விஷயம் நல்ல கேள்வி. மேட் அழுத்தினபடியே இருந்தா மெதுவான பக்கத்துத் திருத்தம் உறைஞ்சு நிக்கும், நடக்கவே நடக்காது. ஒலியும் போயிட்டே இருக்கும்.

இதுக்குத் தனி சென்சார் வேண்டாம், தெரமினே சொல்லிடும். உயிருள்ள ஆள் எவ்வளவு அசையாம நின்னாலும் மூச்சு இருக்கு, உடம்பு ஆடும், ஒரு வினாடி எண்ணிக்கைக்கும் அடுத்ததுக்கும் பத்திருபது ஹெர்ட்ஸ் தாண்டிட்டே இருக்கும். பை ஆடாது. தொடர்ந்து 60 வினாடி அளவுகள் 3 ஹெர்ட்ஸுக்குள்ளயே நின்னா அங்க ஆள் இல்லன்னு முடிவு பண்ணி ஒலியை அடக்குங்க, மெதுவான திருத்தத்தையும் விடுங்க. எண்ணுறதுலயே ஒரு ஹெர்ட்ஸ் முன்னப்பின்ன வரும், அதனால 3-க்குக் கீழ எல்லை வைக்காதீங்க. பையை எடுத்ததும் அதிர்வெண் மேல ஏறும், வேகமான பக்கத்துத் திருத்தம் அதைச் சில வினாடியில பாத்துக்கும்.

இன்னொண்ணு, டிஏசி-க்குள்ள மின்சாரம் போனாலும் மறக்காத நினைவகம் இருக்கு. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை மட்டும் அதுல எழுதுங்க, கரண்ட் போய் வந்தா கிட்டத்தட்ட சரியான எடத்துல கிளம்பும். ஒவ்வொரு திருத்தத்தையும் அதுல எழுதினா நினைவகம் சீக்கிரம் தேய்ஞ்சிடும். கரண்ட் வந்த உடனே அளவுதிருத்தம் பண்ற மாதிரி மட்டும் எழுதிடாதீங்க; அந்த நேரத்துல சுவிட்ச் போட்ட ஆள் பக்கத்துலயேதான் நிப்பாரு.

—

கருவிக்கூடம் எழுதியது:

வரிசை போட்டுக்கொண்டேன்: எர்த், தனி மின் இணைப்பு, மின்விசிறியும் தூண்களும், பிறகு மேட்டும் உறையும். இவற்றோடு இரண்டு வாரம் ஓடவிட்டு, காலி அறையின் உறுமலை மணிக்கொரு முறை குறித்துப் பார்த்துவிட்டு வேரக்டர் சுற்றைக் கட்டுகிறோம். தரையில் செயற்கை இழைக் கம்பளம் இருக்கிறது, ஏசியில் கதவுப்பிடியைத் தொட்டால் சுள்ளென்று அடிக்கிறது. கம்பிக்கு ஏதாவது பாதுகாப்பு போட வேண்டுமா?

—

பழையரேடியோ எழுதியது:

உறை போட்டாலே பொறி நேராகப் பாயாது. இருந்தாலும் ஒன்று வைக்கலாம். சாதாரண டிவிஎஸ் டையோடு (திடீர் வோல்டேஜைத் தடுக்கும் டையோடு) போடாதீர்கள். அதன் மின்தேக்கம் நூற்றுக்கணக்கான பிகோஃபாரட் வரும், கம்பியை எர்த் செய்ததற்குச் சமம். வாயுக் குழல் அரெஸ்டர் (வோல்டேஜ் மிஞ்சினால் உள்ளே பற்றிக்கொண்டு எர்த்துக்குக் கடத்துவது) ஒன்றிரண்டு பிகோஃபாரட்டுக்குள் இருக்கும். ஆனால் 90 வோல்ட் ரகம் வாங்காதீர்கள். சோக்குகளோடு ஒத்ததிர்வில் கம்பிமேல் ஏறும் ரேடியோ வோல்டேஜ் நாம் நினைப்பதைவிட அதிகம், குழல் தானாகவே பற்றிக்கொண்டு ஒலி வெட்டிவெட்டி வரும். 230 வோல்ட் ரகம் போடுங்கள், கால்களைக் குட்டையாக வெட்டி, கம்பியின் அடியிலிருந்து நேராக எர்த்துக்கு. போட்டபின் சுருதி மறுபடியும் சேர்க்க வேண்டும். கம்பளத்தை மேட்டைச் சுற்றி ஒரு மீட்டருக்கு வெட்டி எடுத்துவிட்டு வெறும் தரையை விடுங்கள்.